ராத்திரி போடணும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் மகளும் சேர்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினார்கள். ராஜநாயகம் குழாயடியில் குந்தி உட்கார்ந்து கத்தியைக் கல்லில் இழுத்தார். ரீட்டா தகர டப்பாவிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். இடுப்புக்கு வளர்ந்த தேயிலைச் செடியை முழங்காலுக்கு வெட்டி இறக்கும் கத்தி அது. வருகிற வாரம் அவர் மலைக்குப் போகப்போவதில்லை. இருந்தும் தீட்டினார்.

"ஆஸ்பித்திரியில படுத்துக்கிட்டு யார வெட்டப் போறீங்கப்பா?"

"துருப் பிடிச்சிரும்லா. திரும்பி வந்து யாரு ஒக்காந்து தேய்க்கிறது?"

கத்தி கல்லில் போய் வரும்போதெல்லாம் அவருடைய தாடை இறுகித் தளர்ந்தது. காதுக்குக் கீழே சதை உருண்டையாகத் திரண்டு எழுந்து அடங்கியது. ரீட்டா கல்லைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈப்போவில் ஒரு பல் டாக்டருடைய கிளினிக்கின் பின்கட்டில் அவளுக்கு வேலை. பிறர் வாயின் அச்சைக் கல்மாவில் வார்த்து, அதன்மேல் பல் செட்டுக் கட்டுவாள். பினாங்கில் படித்துத் தேறியவள். ஆளைப் பார்த்தால் முதலில் தாடைக்குக் கண் போகும் பழக்கம் அவளுக்கு எப்போதோ வந்துவிட்டது.

நடுவில் அவர் கத்தியை வைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார். கேட்டதற்கு, குளிர் என்றார்.

"வியாழக்கிழமை கட்டாயம் வரணும். சிங்காரம் அண்ணன் லோரியில ஏறி ஒக்காந்தாப் போதும். நான் ஈப்போவில நிப்பேன்."

"வர்றேம்மா. சொன்னா வரமாட்டேனா?"

சொன்னால் வராதவர்தான் அவர். அந்த வீட்டின் கவலையே அதுதான்.

ராஜநாயகம் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர். ஏதோ கனவில் ஒரு நாள் கடிப்பது என்றில்லை. படுத்துக் கண் அயர்ந்தால் தொடங்கி விடியும்வரை நறநறவென்று அரைப்பார். கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையை ஒட்டிய தோட்டம் அது. ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைத் தடுப்புதான், அதுவும் கூரைவரை எட்டாது. பக்கத்து வீட்டு மணியம்மா காலையில் குழாயடிக்கு வந்தால் முதல் பேச்சே அதுதான்.

"அண்ணே, நேத்து நல்ல மாவா அரைச்சீங்க போல. எனக்கு ஒரு கிண்ணம் குடுத்தா தோசை சுடுவேன்லா."

"உளுந்த நீ ஊறப்போட்டு வை தங்கச்சி. அரைச்சிக் குடுத்துர்றேன்" என்பார் அவர். சிரிப்பார். ஆனால் அவர் மனைவி அற்புதம்மாள் பல வருஷங்களுக்கு முன்பே பாயைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டிருந்தாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. கொழுந்தெடுக்கப் போகிறவள் தூங்கித்தானே ஆக வேண்டும்.

இது எப்போது தொடங்கியது என்று அற்புதம்மாளுக்குத் தெரியும். எழுபதாம் ஆண்டு அவருடைய அண்ணன் தேவசகாயம் ஊருக்குக் கப்பல் ஏறினார். சிவப்பு அட்டைக்காரர், குடியுரிமை இல்லாதவர். வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. இவருக்கு நீல அட்டை, அண்ணனுக்குச் சிவப்பு. ஒரே லயத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டு நிறம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் ராஜநாயகம் பேசாமல் நின்றார். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் கேட்கவில்லை, அவருக்கு மேலிருந்த துரையிடம் கேட்கவில்லை. பினாங்குத் துறைமுகத்தில் அண்ணனின் டிரங்குப் பெட்டியைத் தோளில் சுமந்து இறக்கி வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். திரும்பி வந்த இரவிலிருந்து அரைக்க ஆரம்பித்தார்.

"பகல்ல வாயில நிறுத்தினத எல்லாம் ராத்திரி அரைச்சுத் தள்ளுறாரு" என்பாள் அற்புதம்மாள்.

லயத்துக்குள் இருந்தவரை அது கேலியோடு போயிற்று. ஒரு கல்யாணத்தில்தான் அது வேறு மாதிரி ஆனது. எழுபத்தேழில் கம்பாரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஆண்கள் எல்லாரும் வரிசையாகக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். காலையில் காப்பி கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் பல்லைக் கடித்து அந்தச் சத்தத்தை அப்படியே எடுத்துக் காட்டினான். "யாரு மாமா அந்த ரம்பம்? பந்தக்காலையே அறுத்துப்புட்டாரே!" கூடமே சிரித்தது. ராஜநாயகமும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அடுத்தவர் கூரையின் கீழ் கண்மூடவில்லை. மகள் பினாங்கில் படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியபோது அம்மா மட்டும்தான் போனாள். மாட்டுக்குப் புல் போட ஆள் இல்லை என்று அவர் சொல்லி அனுப்பினார். வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆடு.

எண்பத்திரண்டில் அவருக்கு நெஞ்சில் வலி வந்தது. மேட்டில் ஏறும்போது கத்தியை ஊன்றிக்கொண்டு நின்றார். தோட்டத்து மருந்தகத்து டிரெசர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர், வார்டில் சேர்ந்துவிடு, சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். ராஜநாயகம் தலையை ஆட்டினார். நாளைக்கு வருகிறேன் என்பதை "பேசோக் வர்றேங்க" என்று பாதி மலாயில் சொல்லிவிட்டு நேரே காய்கறிப் பாசாருக்கு நடந்து, முட்டைக்கோசு இறக்கிக்கொண்டிருந்த சிங்காரத்தின் லோரியில் ஏறி மலைக்கு வந்துவிட்டார்.

ரீட்டா ஓடிவந்து கேட்டபோது அவர் சொன்னார்:

"கட்டிலுக்குக் கட்டில் கை எட்டுற தூரம்மா. எல்லாம் சீக்காளிங்க. அவங்க தூக்கத்தக் கெடுக்கவா நான் அங்க போறது?"

"உசுரு பெருசா, சத்தம் பெருசா?"

"உனக்குத் தெரியாதும்மா" என்றார்.

திட்டிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சத்தத்தை நிறுத்தினால்தான் அவர் வார்டில் படுப்பார். சத்தத்தை நிறுத்துவது அவள் தொழிலுக்கு உட்பட்ட விஷயம். மேல் பல்வரிசைக்கு மேல் ஓர் உறை போட்டுவிட்டால் பல்லும் பல்லும் உரசாது. தாடை கடித்தாலும் உறையைத்தான் கடிக்கும்.

அடுத்த முறை மருந்து வாங்க அவர் இறங்கி வந்த அன்று அவரைத் தன் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் லிம் தட்டில் குழைத்த மாவை அவர் வாயில் வைத்து அழுத்தினார். "ரிலெக்ஸ்லா, அங்கிள்." அவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். கண்ணோரம் நீர் கோத்தது. அச்சு கழன்று வந்ததும், "சிமெண்டு வேலையா இருக்கே. வாயிக்குள்ள வீடு கட்டுறீங்களா?" என்று கேட்டார்.

கல்மாவு இறுகி வார்ப்பு கையில் வந்தபோது ரீட்டா அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைவாய்ப் பற்களில் இருக்க வேண்டிய மேடும் பள்ளமும் இல்லை. இரண்டு பக்கமும் தரை தட்டியதுபோல மழுங்கிக் கிடந்தது. சிறு வயதிலிருந்து கேட்ட சத்தத்தின் உருவத்தை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். வார்ப்பின்மேல் மெழுகு பூசி, அக்ரிலிக் ஏற்றி, வேகவைத்து, விளிம்பைத் தேய்த்து மெருகிட்டாள். கண்ணாடிபோல நிறமில்லாத உறை. அதைச் சின்ன மருந்து டப்பாவில் பஞ்சு வைத்து மூடி, பாசாரில் போய் சிங்காரத்திடம் கொடுத்தாள்.

"அண்ணே, இது அப்பாவுக்கு. ராத்திரி மறக்காமப் போடணும்னு சொல்லிருங்க."

"சொல்லிர்றேன் தங்கச்சி. ராத்திரி மறக்காமப் போடணும். அவ்வளவுதானே?"

சிங்காரம் சொன்ன சொல் தவறாதவன். கோலா தெர்லாவில் கூடைகளை ஏற்றிவிட்டு லயத்துக்கு வந்து டப்பாவைக் கொடுத்தான். "அண்ணே, ஒங்க பல் செட்டு வந்திருச்சு. ராத்திரி மறக்காமப் போடணுமாம்."

பல் செட்டை ராத்திரி எதில் போடுவது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கடைசி வீட்டு முனியாண்டி செட்டுக் கட்டியவர். படுக்கப்போகுமுன் கழற்றிக் கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் ஊற்றி அதில் போடுவார். டிரெசரும் அதைத்தான் சொல்லியிருந்தார்: ராத்திரி செட்டோடு தூங்கினால் தொண்டையில் இறங்கிவிடும். எனவே ராஜநாயகம் காலையில் எழுந்து மகள் அனுப்பியதை வாயில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ராத்திரி மறக்காமல் கழற்றி எனாமல் கோப்பையில் தண்ணீர் ஊற்றிப் போட்டார். போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்து அரைத்தார்.

பிறகு நடந்ததைப் பெரட்டுக் களமே பார்த்தது. விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் அது. கிராணி கூப்பிட்டார்:

"ராஜநாயகம்!"

"ஆழழ்ங்க." ஆஜர்ங்க என்றது அப்படித்தான் வந்தது.

கிராணி விளக்கைத் தூக்கிப் பிடித்தார். "என்னய்யா பேச்சு கொழையுது? காலையிலேயே போட்டுட்டியா?"

"போட்டுட்டேங்க."

"என்னது?"

"காலையிழதாங்க போடுழது. ழாத்திழி போடக்கூடாதாம்."

"தெனமுமா?"

"தெனமும்ங்க. மக அனுப்புனது."

வரிசை குலுங்கிச் சிரித்தது. கோயிலில் திருப்பலித் திராட்சை ரசத்தைத் தவிர வேறொன்றும் நாவில் படாத மனிதர். "அப்பனுக்கு மக சம்சு சாராயம் அனுப்புற காலமாயிடுச்சு" என்று கிராணி தலையில் அடித்துக்கொண்டு அவரை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வாயைத் திறந்து காட்டியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். ராஜநாயகம் காட்டவில்லை. கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார். மறுநாளும் அதைப் போட்டுக்கொண்டுதான் பெரட்டுக்குப் போனார். பேர் கூப்பிட்டபோது கையை மட்டும் தூக்கினார். மகள் செய்தது. கழற்றி வைக்க மனம் வரவில்லை.

ரீட்டாவுக்கு இது கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோதுதான் தெரிந்தது. அலமாரியில் கோப்பையில் கிடந்த உறையை எடுத்து விளக்கடியில் பார்த்தாள். பல் கடிப்பவரின் உறையில் சில வாரங்களில் மினுமினுவென்று தேய்ந்த தடங்கள் விழும். இதில் ஒன்றுகூட இல்லை. பதிலாகத் தேத்தண்ணிக் கறை. ஓரத்தில் வெற்றிலைச் சிவப்பு.

"அப்பா, இத எப்பப் போடுறீங்க?"

"நீ சொன்ன மாதிரிதாம்மா. ராத்திரி."

"எதுல?"

"தண்ணியிலதான். வேற எதுல போடுறது?"

ரீட்டா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அற்புதம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"என்னடி, நீதானே போடச் சொன்னே?"

"வாயில போடணும்மா! தூங்கும்போது வாயில!"

"அத வாயிலன்னு சொல்ல வேண்டாமா? முனியாண்டி அண்ணன் கிளாசுல போடலியா?"

"இது செட்டு இல்லம்மா, பல்லு தேயாம இருக்கப் போடுற உறை."

"அப்ப அந்தக் கிராணி?" என்று மணியம்மா பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணன குடிகாரருன்னு தொரத்தி விட்டானே, அது?"

அப்போதுதான் பெரட்டுக் கதை வெளியே வந்தது. கதை முடிந்ததும் ராஜநாயகம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ரீட்டாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, போன வாரங்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். அத்தனை வாரமும் அவர் வார்டில் படுத்திருக்கலாம்.

அன்றிலிருந்து அவர் உறையை வாயில் போட்டுத் தூங்கினார். மறுநாள் காலையில் மணியம்மா குழாயடிக்கு வரவில்லை. நேரே வீட்டுக்குள் வந்து நின்றாள்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"ஏன் தங்கச்சி?"

"ராத்திரி பூரா சத்தமே இல்லையே! எனக்கு ஒறக்கமே வரல. ஆளு இருக்காரா போயிட்டாரான்னு பலகையில காத வெச்சுக்கிட்டுக் கெடந்தேன். பாவி மனுசா, அரைச்சாத்தான் நீங்க உசுரோட இருக்கீங்கன்னு எனக்குக் கணக்கு."

"இனிமே வேற கணக்கு வெச்சுக்க" என்றார் அவர். முகம் தெளிந்திருந்தது. தாடை லேசாக இருக்கிறது என்று மகளிடம் சொன்னார். இனி வார்டில் படுப்பதில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றும் அவராகவே சொன்னார்.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. வியாழக்கிழமை சேர வேண்டும். அதைச் சொல்லத்தான் ரீட்டா கத்தி தீட்டிய அந்த வாரக் கடைசியில் வந்திருந்தாள். இடது பக்கம் கொஞ்சம் உறுத்துகிறது என்றார். அவள் அவரை நீல மைத்தாளைக் கடிக்கச் சொன்னாள். உறையின் இடது கடைசியில் ஒரு நீலப் புள்ளி அழுத்தமாக விழுந்தது. அங்கே நூலளவு உயரம். தேய்க்கும் இயந்திரம் ஈப்போவில் இருக்கிறது.

"வியாழக்கிழமை மொதல்ல கிளினிக்கு. அஞ்சு நிமிசத்தில தேய்ச்சுத் தர்றேன். அப்புறம் நேரா வார்டு."

"அதுவரைக்கும் போட்டுக்கவா?"

"போட்டுக்குங்க. ராத்திரி. வாயில."

"தெரியும்லா, போ" என்றார்.

கத்தியைத் தீட்டி, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி வைத்தார்கள். அவள் தகர டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பாயை உள்ளறைக்கு மாற்றிக்கொள்வது பற்றி அம்மாவிடம் கேட்டாள். "மொதல்ல ஆஸ்பித்திரிக்குப் போயிட்டு வரட்டும்டி. அப்புறம் மாத்திக்கலாம்" என்றாள் அற்புதம்மாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்கப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அற்புதம்மாள் தேத்தண்ணியோடு உள்ளே போனாள். அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். குடிக்க வேண்டுமே என்று முதலில் வாயிலிருந்து உறையைக் கழற்றி எடுத்தாள். பிறகுதான் உதடு சில்லிட்டிருந்தது விரலுக்குத் தெரிந்தது.

தோட்டத்து ஆபீசிலிருந்து கிளினிக்குக்குப் போன் வந்தது. ரீட்டா மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தாள். இருதயம் தூக்கத்திலேயே நின்றிருக்கிறது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டிரெசர். அவள் தலையை ஆட்டினாள். மணியம்மா அவளைக் கட்டிக்கொண்டு அரற்றினாள்:

"பலகைக்கு அந்தப் பக்கந்தானம்மா கெடந்தேன்! முன்னெல்லாம் அண்ணன் அரைக்கிறத நிறுத்துனா எனக்கு முழிப்பு வந்துரும். இப்பச் சத்தம் இல்லாததுதானே வழக்கமாப் போச்சு. எனக்கு எப்படித் தெரியும்? சொல்லு, எப்படித் தெரியும்?"

ரீட்டா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். காதுக்குக் கீழே சதை வலித்தபோதுதான் அது அவளுக்கே தெரிந்தது.

முனியாண்டி தன் செட்டு தெரிய வாயைத் திறந்து, "செட்டு போட்டவங்களப் போட்டபடியேதான் அனுப்பணும். பொட்டியில வெச்சிரும்மா" என்றார். அவள் உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இந்த முறை தடங்கள் இருந்தன. வலது பக்கம் மெல்லிய மினுக்கம். இடது பக்கம் நீலப் புள்ளியின் நடுவில் ஒரு வெள்ளைத் தேய்மானம். ஒரு நாள் விடாமல் போட்டிருக்கிறார். உறுத்தலோடுதான் போட்டிருக்கிறார். அவள் அதைப் பெட்டியில் வைக்கவில்லை. துடைத்து டப்பாவில் போட்டாள்.

புதன்கிழமை அடக்கம் முடிந்தது. வியாழக்கிழமை விடியலில் சிங்காரம் சொன்னபடியே வந்து, லோரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு லயத்துக்கு நடந்து வந்தான். அடக்கத்துக்கு வந்தவன்தான். ஹாரன் அடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. வாசலில் ஒரு சாக்கு மூட்டை கட்டியபடி இருந்தது.

"தங்கச்சி, இது என்ன?"

ரீட்டாவுக்குத் தெரியவில்லை. அவிழ்த்துப் பார்த்தாள். முட்டைக்கோசு. நல்ல கெட்டியான காய்களாகப் பொறுக்கி, வெளி இலைகூட உரிக்காமல் வைத்திருந்தது.

"அப்பாதான் திங்கக்கிழமை சீனன் தோட்டத்துல போய் வாங்கியாந்தாரு" என்றாள் அற்புதம்மாள் உள்ளே இருந்தபடி. "வார்டுல பக்கத்துக் கட்டில்காரங்களுக்காம். ஒருவேளை சத்தம் கித்தம் வந்துட்டா கோவிச்சுக்க மாட்டாங்களாம். போன ஒடனே மொதல்ல இதக் குடுத்திரணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு."

சிங்காரம் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்தான். பிறகு அப்படியே நின்றான்.

"கொண்டுபோய்க் குடுத்துர்றேன். அண்ணனுக்கு எந்தக் கட்டிலு, தங்கச்சி?"